சோபாவுக்கு மேலே பறக்கும் இதயம்

சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும். ஆனால் பூ வேண்டாம், அருவி வேண்டாம், ஏழு குதிரை ஓடுகிற படமும் வேண்டாம் என்கிறவர்களுக்காகவே இணையக் கடைகளில் ஒரு சரக்கு இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டு மெக்ஸிகோ சுவடி ஓவியம். செங்குத்தாக ஏறும் கோயில் படிக்கட்டு. உச்சியில் ஒரு கல். கல்லின் மேல் மல்லாக்கக் கிடத்தப்பட்ட ஒருவர். அவர் நெஞ்சைப் பிளந்தபடி நிற்கும் பூசாரி. பிளந்த இடத்திலிருந்து இதயம் மட்டும் தனியாகக் கிளம்பி வானத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கிறது. கீழே, அதற்கு முந்தைய ஆள் உருண்டு வந்து கிடக்கிறார். படியெல்லாம் ரத்தம்.

காகிதம், கேன்வாஸ், உலோகத் தகடு, அக்ரிலிக் என்று எதில் கேட்டாலும் அச்சடித்துத் தருவார்கள். சட்டம் கறுப்பா, மரநிறமா என்பது உங்கள் இஷ்டம். அதே படம் தலையணை உறையாகவும், காபிக் கோப்பையாகவும், குளியலறைத் திரையாகவும்கூட வரும். வாங்குமுன் வீட்டில் எப்படி இருக்கும் என்று காட்ட ஒரு மாதிரி அறை வேறு. சந்தன நிறச் சோபா, பக்கத்தில் தொட்டிச் செடி, தலைக்கு மேலே நரபலி. விருந்தாளி இரண்டாவது காபிக்குக் காத்திருக்க மாட்டார். அந்த வகையில் சிக்கனம்தான்.

வாங்குகிறவர்களின் ரசனையைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. என் புகார் கடைக்காரர் மேல். 'அஸ்டெக் ஓவியம்' என்று ஒரு வரி போட்டுவிட்டு முழுக் கதையையும் அமுக்கிவிடுகிறார்கள். யார் வரைந்தது, யார் வரையச் சொன்னது, எந்தத் திருடன் கையிலிருந்து எந்தப் பாதிரியார் கைக்குப் போனது என்பதெல்லாம் படத்தைவிடச் சுவையான சமாச்சாரம். ரத்தமும் அதில்தான் அதிகம்.

மேலே சொன்ன படம் மாலியாபெக்கி சுவடியின் 70ஆம் ஏடு. இருப்பது இத்தாலியில், ஃபுளோரன்ஸ் தேசிய நூலகத்தில். மெக்ஸிகோ சுவடிக்கு இத்தாலிக்காரர் பெயர் வந்த விதம் இது. அந்தோனியோ மாலியாபெக்கி என்று ஒருவர் 1633இல் ஃபுளோரன்ஸில் பிறந்தார். நாற்பது வயதுவரை தட்டான் வேலை. அப்புறம் டஸ்கனி கோமகன் மூன்றாம் கோஸிமோவின் நூலகர். முற்றிய புத்தகப் பைத்தியம். வீட்டில் கால் வைக்க இடமில்லாமல் புத்தகம். குளிப்பதும் உடை மாற்றுவதும் படிக்கிற நேரத்துக்குப் பிடித்த கேடு. சாப்பாடு அவித்த முட்டையும் தண்ணீரும். ஒரு வருஷத்துக்கு மேல் சம்பளம் வாங்குவதையே மறந்துவிட்டார் என்பார்கள். நூலகர்களில் இப்படி ஒருவர் இருந்தார் என்பதை நம்பலாம். சம்பளம் போடுகிறவரும் சேர்ந்து மறந்ததுதான் ஆச்சரியமில்லாத பகுதி. 1714இல் அவர் போய்ச் சேர்ந்தபோது சுமார் 30,000 புத்தகங்களை விட்டுப்போனார். அந்தக் குவியலோடு சேர்ந்ததுதான் நம் நெஞ்சைப் பிளக்கும் சுவடி.

அங்கேயே ஏறத்தாழ 175 ஆண்டுகள் நிம்மதியாகத் தூங்கியது. 1890வாக்கில் செலியா நட்டால் என்ற அம்மையார் வந்து தட்டி எழுப்பினார். சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த தொல்லியல் ஆய்வாளர். மெக்ஸிகோவிலேயே வீடு வாங்கிக் குடியேறி அங்கேயே இறந்தவர். 1903இல் அதன் நகல் பதிப்பை வெளியிட்டார். அடுத்த ஆண்டே லூபா பிரபு தம் பங்குக்கு இன்னொரு நகல் பதிப்பு போட்டார். அன்றைக்கே இன்றைய சுவர்ப்பட வியாபாரத்துக்கு வாசல் திறந்தாகிவிட்டது. ஓவியர் பெயர் தெரியாது, வாரிசு வந்து ராயல்டி கேட்க மாட்டார், காப்புரிமையும் கிடையாது. எந்த வியாபாரி இதை விடுவார்?

சரி, படத்தைக் கிட்டே போய்ப் பார்ப்போம். முதலில் காகிதம். அது ஐரோப்பியக் காகிதம். படத்துக்கான விளக்கம் ஸ்பானிய மொழியில். அஸ்டெக் தலைநகரான டெனோச்டிட்லான் 1521 ஆகஸ்ட் 13இல் ஸ்பானியர் கையில் விழுந்தது. சுவடி வரையப்பட்டதோ அந்த நூற்றாண்டின் நடுவில். அதாவது கோயிலை இடித்து, அந்தக் கல்லிலேயே தேவாலயம் எழும்பிக்கொண்டிருந்த காலம். வரைந்த கைகள் ஞானஸ்நானம் பெற்ற உள்ளூர்க் கைகள். இன்னொன்றும் உண்டு. மத்ரித் நகரில் இருக்கும் தூதெலா சுவடியில் இதே போன்ற படங்கள் வருகின்றன. பாரிஸில் ஒன்று. எல்லாம் தொலைந்துபோன ஒரே மூலத்தைப் பார்த்து எழுதியவை என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. ஆக, சோபாவுக்கு மேலே தொங்குவது காப்பியின் காப்பி. வரைந்தவர் வாழ்நாளில் ஒரு பலியையாவது நேரில் பார்த்தாரா என்பதே கேள்வி. நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

அடுத்து, பூசாரி கையில் இருக்கும் கத்தி. விற்பனைக் குறிப்புகளில் அது 'அப்சிடியன்' எரிமலைக் கண்ணாடிக் கத்தி என்று கவர்ச்சியாகப் போட்டிருப்பார்கள். அப்சிடியன் சவரக்கத்தியைவிடக் கூர்மைதான். ஆனால் எலும்பில் பட்டால் உடைந்து சிதறும். நெஞ்சுக்கு அவர்கள் பயன்படுத்தியது சிக்கிமுக்கிக் கல் வகை. அகழாய்வில் கோயில் காணிக்கைகளோடு கிடைக்கும் பலிக் கத்திகளும் அதுதான். சிலவற்றுக்குக் கண்ணும் பல்லும் ஒட்டி முகமே வைத்திருக்கிறார்கள். தொழில் தெரிந்தவர்கள் உடைகிற கருவியை எடுத்துக்கொண்டு வேலைக்கு வர மாட்டார்கள் என்பது கடைக்காரருக்குத் தோன்றவில்லை.

இப்போது முக்கியமான கேள்விக்கு வரலாம். பலியைத் தடைசெய்த பாதிரிமார்களே பலியை ஏன் இத்தனை அழகாக வரையச் சொன்னார்கள்?

பதில் சொல்ல பெர்னார்டினோ டி சஹகுன் வேண்டும். பிரான்சிஸ்கன் துறவி. 1529இல் கப்பலில் வந்து இறங்கினார். அறுபது ஆண்டு கழித்து அங்கேயே அடங்கினார். நோயைத் தெரியாமல் மருத்துவர் மருந்து கொடுக்க முடியாதல்லவா, அதுபோல உருவ வழிபாட்டை ஒழிக்க வேண்டுமானால் முதலில் அதை முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் கட்சி. கேள்விப்பட்டியல் ஒன்றைத் தயார் செய்துகொண்டு டெபெபுல்கோ என்ற ஊருக்குப் போனார். பத்துப் பன்னிரண்டு பெரியவர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு ஏறக்குறைய இரண்டு வருஷம் உட்கார்ந்து பேசினார். அவர்கள் தங்கள் பழைய படமுறையில் பதில் வரைந்தார்கள். லத்தீனும் ஸ்பானியமும் தங்கள் மொழியான நாவாட்லும் தெரிந்த உள்ளூர் மாணவர்கள் அதை எழுத்தாக்கினார்கள். அந்தோனியோ வலேரியானோ, மார்ட்டின் ஹகோபிடா என்று அந்த மாணவர்களின் பெயர்களைச் சஹகுனே நன்றியோடு குறித்திருக்கிறார். சுவர்ப்படம் விற்பவர்கள் குறிப்பதில்லை.

நோயைப் பற்றி ஒரு குறிப்பெழுதப் போன மனிதர் பன்னிரண்டு புத்தகம் எழுதினார். ஃபுளோரன்டைன் சுவடி என்று இன்று பெயர். 2,400க்கும் மேற்பட்ட படங்கள். சுமார் 1577இல் முடிந்தது. பக்கத்தில் இரண்டு பத்தி: ஒன்றில் நாவாட்ல் மூலம், மற்றதில் ஸ்பானிய மொழிபெயர்ப்பு. உள்ளூர்ப் பெரியவர்கள் விலாவாரியாகச் சொன்னதைச் சஹகுன் பல இடங்களில் ரத்தினச் சுருக்கமாக மொழிபெயர்த்திருக்கிறார். அதனால் ஸ்பானியப் பத்தியில் அங்கங்கே இடம் காலி. அந்தக் காலி இடத்தில்தான் பெரும்பாலான படங்கள் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு துறவி மொழிபெயர்ப்பில் கொஞ்சம் கை சுருக்கிய புண்ணியத்தில் உலகத்துக்கு ஓர் ஓவியக் களஞ்சியம் கிடைத்தது.

அதில் இருப்பதெல்லாம் பலி என்று நினைத்துவிடாதீர்கள். வானம், மழை, மருந்துச் செடி, பாம்பு வகை, பறவை வகை, இறகு ஒட்டும் கைவினைஞர், சந்தைக்காரி எல்லாம் உண்டு. பத்தாம் புத்தகத்தில் நல்ல வியாபாரி, கெட்ட வியாபாரி என்று ஒவ்வொரு தொழிலுக்கும் சான்றிதழ் வருகிறது. கெட்ட கோகோ வியாபாரி என்ன செய்வான்? கோகோ கொட்டையின் தோலுக்குள் கீரைவிதை மாவு, மெழுகு, வெண்ணெய்ப்பழக் கொட்டைத் துண்டு என்று எதையாவது அடைத்துத் தள்ளிவிடுவான். கோகோ கொட்டை அங்கே வெறும் தின்பண்டம் இல்லை, சில்லறைக் காசும் அதுதான். ஆகவே கள்ள நோட்டும் கலப்படமும் ஒரே குற்றத்தில் முடிந்துவிடுகின்றன. இத்தனை திறமையான ஆளுக்கு ஒரு சுவர்ப்படம் கிடையாது. நெஞ்சைப் பிளந்தவருக்கு மட்டும் மூன்று அளவில், நான்கு சட்டத்தில்!

பலிக்கும் கதை உண்டு, அதையும் சஹகுனின் ஆட்கள் விடவில்லை. அஸ்டெக் ஆண்டுக்கு இருபது நாள் வீதம் பதினெட்டு மாதம். மிச்சம் ஐந்து நாள் ஆகாத நாள். மாதம் தவறாமல் திருவிழா. டொஷ்காட்ல் திருவிழாவுக்கு டெஸ்காட்லிபோகா தெய்வத்தின் உருவாக ஓர் இளைஞனைத் தேர்ந்தெடுப்பார்கள். கைதிகளிலிருந்துதான். ஆனால் யாரையாவது பிடித்துப் போட்டால் போதாது. தலை பூசணிக்காய் மாதிரி இருக்கக் கூடாது, கண் பிதுங்கக் கூடாது, மூக்கு பரந்திருக்கக் கூடாது, பல் மஞ்சளாகக் கூடாது, திக்கக் கூடாது, தொந்தி கூடாது என்று ஒரு நீண்ட பட்டியல். நம் ஞாயிற்றுக்கிழமை மணமகன் தேவை விளம்பரங்கள் இதற்கு முன்னால் தாராள மனசு. தேர்வானவனுக்கு ஒரு வருஷம் ராஜயோகம். புல்லாங்குழல் கற்றுத் தருவார்கள். கையில் பூ, புகைக்குழாய், பின்னால் சேவகர்கள். தெருவில் கண்டவர்கள் எல்லாம் விழுந்து கும்பிடுவார்கள். நடுவில் சாப்பிட்டுச் சாப்பிட்டு உடம்பு போட்டுவிட்டால் உப்புத் தண்ணீர் குடிக்கக் கொடுத்து இளைக்க வைப்பார்கள். கடைசி இருபது நாளுக்கு நான்கு மனைவியர். இறுதி நாளில் அவனே தன் காலால் படியேற வேண்டும். ஒவ்வொரு படியிலும் வருஷம் முழுக்க ஊதிய குழல்களை ஒவ்வொன்றாக உடைத்துப் போட்டபடி ஏறுவான். மேலே கல். அவன் இறங்கியதும், இறங்கினான் என்று சொல்லலாமென்றால், அடுத்த வருஷத்துக்கான ஆள் ஏற்கெனவே தயார்.

1520ஆம் ஆண்டு டொஷ்காட்ல் விழாவில் ரத்தம் எதிர்பாராத இடத்தில் ஓடியது. ஸ்பானியத் தளபதி கோர்டெஸ் தன்னைக் கைதுசெய்ய வந்த இன்னொரு ஸ்பானியப் படையைச் சமாளிக்கக் கடற்கரைக்குப் போயிருந்தார். பொறுப்பில் இருந்தவர் பெட்ரோ டி அல்வரடோ. விழா நடத்த அனுமதி கொடுத்தார். ஆட்டம் உச்சத்தில் இருந்தபோது வாசல்களை அடைத்துவிட்டு வாளை உருவினார். ஆயுதமில்லாமல் ஆடிக்கொண்டிருந்த பிரபுக்கள் செத்தார்கள். முதலில் வெட்டுப்பட்டது மேளக்காரரின் கைகள் என்று பன்னிரண்டாம் புத்தகம் சொல்கிறது. அதற்கும் படம் இருக்கிறது. நரபலியின் கொடுமையிலிருந்து மக்களைக் காப்பாற்ற வந்தவர்கள் என்ற வாசகத்தோடு இதைக் கேன்வாஸில் போட்டால் எத்தனை பேர் வாங்குவார்கள் என்று பார்க்க ஆசை.

சஹகுனுக்கு வருவோம். 1576இல் கொள்ளைநோய் வந்தது. 1545இல் வந்த முந்தைய நோயின்போதே டிலடெலோல்கோவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிணங்களைப் புதைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். இந்த முறை ஊரே காலி. சுவடி வரைந்தவர்கள் மடத்துக்குள் இருந்தபடி வேலை பார்த்தார்கள். வெளியே சந்தை இல்லை, சாயம் கொண்டுவர ஆள் இல்லை. கடைசிப் பகுதிகளில் வண்ணம் குறைந்துகொண்டே வந்து, படங்கள் வெறும் கறுப்புக் கோடாகிவிடுகின்றன. சில கட்டங்கள் காலியாகவே நிற்கின்றன. இது ஒன்றில் மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேலே போவோம்.

1577இல் மன்னர் இரண்டாம் பிலிப் ஓர் உத்தரவு போட்டார்: சஹகுன் எழுதியதை எல்லாம் பிடுங்கி அனுப்புங்கள், இனி இந்த மக்களின் பழைய வழக்கங்களைப் பற்றி எந்த மொழியிலும் யாரும் எழுதக் கூடாது. நோயை விவரித்து எழுதியதில் நோய் மறுபடி தொற்றிவிடும் என்ற பயம். பிடுங்கப்பட்ட சுவடி ஸ்பெயினில் நிற்காமல் ஃபுளோரன்ஸ் மெடிசி குடும்பத்தின் பெட்டிக்குள் போய்விட்டது. இன்றும் அங்கே லாரென்சியானா நூலகத்தில் இருக்கிறது. உலகத்தின் முக்கியமான அஸ்டெக் சுவடிகளில் இரண்டைப் பார்க்க மெக்ஸிகோக்காரர் இத்தாலிக்கு விமானம் ஏற வேண்டியிருக்கிறது.

எண்ணிக்கை விஷயத்துக்கு வந்தால் இன்னும் தமாஷ். 1487இல் மன்னர் அவிட்சோட்ல் பெரிய கோயிலுக்குக் குடமுழுக்கு மாதிரி ஒன்று நடத்தினார். நான்கு நாளில் 80,400 பேரைப் பலி கொடுத்தார்கள் என்று டொமினிக்கன் துறவி டியேகோ துரான் எழுதிவைத்தார். கணக்கு வாத்தியார் யாராவது பக்கத்தில் இருந்திருக்கலாம். நான்கு நாள் என்றால் 5,760 நிமிடம். ராத்திரி பகல் தூங்காமல் பார்த்தாலும் நிமிடத்துக்கு 14 பேர். ஒரே நேரத்தில் நான்கு கல்லில் நடந்தது என்று வைத்துக்கொண்டாலும் கல்லுக்கு 17 விநாடிக்கு ஒருவர். அதற்குள் ஆளைப் படியேற்றி, கைகால் பிடித்து, நெஞ்சைத் திறந்து, மந்திரம் சொல்லி, உடலைக் கீழே உருட்டிவிட வேண்டும். டெல்லரியானோ-ரெமென்சிஸ் என்ற இன்னொரு சுவடி இதே விழாவுக்குப் படக்குறியில் 20,000 என்கிறது. அதுவே அதிகம். ஜெயித்தவன் பெருமைக்குக் கூட்டினான், அவனை ஜெயித்தவன் நியாயத்துக்குக் கூட்டினான். இரண்டு பக்கமும் கூட்டல் மட்டும்தான், கழித்தல் யாருக்கும் வரவில்லை.

கோர்டெஸின் வீரர் ஆந்திரேஸ் டி டாபியா, பலியானவர் தலைகளைக் கோத்துவைக்கும் மண்டையோட்டுத் தட்டியில் இருந்த தலைகளை எண்ணியதாகச் சொன்ன தொகை 1,36,000. 2015இல் மெக்ஸிகோ நகரத்தில், பேராலயத்துக்குப் பின்னால் குவாத்தமாலா தெருவில், அந்தத் தட்டியின் அடித்தளத்தைத் தொல்லியலாளர்கள் தோண்டியெடுத்தார்கள். 2020 இறுதியில் மண்டையோடுகளின் எண்ணிக்கை 603. தோண்டியது ஒரு பகுதிதான். மீதி கட்டடங்களுக்கு அடியில் இருக்கிறது. ஆனாலும் 1,36,000 எட்டாக்கனி. அதேசமயம், எல்லாமே ஸ்பானியன் கட்டிய கதை என்று வாதாடுகிற கட்சிக்கும் அந்தத் தெரு நல்ல பதில் வைத்திருக்கிறது. வீரர்களின் தலை மட்டும் இருக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்குப் பெண்கள், குழந்தைகளின் தலையும் கிடைத்தது. பலி நடந்தது, நிறைய நடந்தது. 17 விநாடிக்கு ஒன்று நடக்கவில்லை.

ஐரோப்பியர்களின் அதிர்ச்சியையும் கொஞ்சம் சோதித்துப் பார்க்கலாம். 1539 நவம்பரில் டெஷ்கோகோ ஊரின் பிரபு டான் கார்லோஸை, மதத்துக்கு விரோதமாகப் போதித்தார் என்று ஆயர் சுமாரகா மெக்ஸிகோ நகரத்தின் நடுவில் எரித்தார். நம் சுவடி ஓவியர்களின் தலைமுறை இதை உட்கார்ந்து பார்த்தது. கூட்டத்தைக் கூட்டி, மேடை போட்டு, மதச் சடங்கோடு, பொதுஇடத்தில் ஒரு மனிதரைக் கொல்வது. அதற்குப் பெயர் நரபலி இல்லை, தீர்ப்பு. லண்டனில் இன்னும் கச்சிதம். 1586 செப்டம்பரில் எலிசபெத் ராணியைக் கொல்லச் சதிசெய்த பாபிங்டன் கூட்டத்தைத் தூக்கில் அரைகுறையாகத் தொங்கவிட்டு, உயிரோடு இறக்கி, வயிற்றைக் கிழித்தார்கள். முதல் நாள் ஏழு பேருக்கு நடந்ததைப் பார்த்து ஊரே முகம் சுளித்ததால், மறுநாள் ஏழு பேரை உயிர் போகும்வரை தொங்கவிடும்படி ராணியம்மாள் கருணை காட்டினார். ராஜத்துரோகியின் இதயத்தை எடுத்துக் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டுவது அந்தத் தண்டனையின் வழக்கம்.

இதைச் சொல்லக் காரணம், ஏறக்குறைய அதே நேரத்தில்தான் ஓர் ஆங்கிலேயர் பாரிஸில் ஒரு மெக்ஸிகோ சுவடியை வாங்கினார். தூதரகப் பாதிரியார் ரிச்சர்ட் ஹக்ளூட். விலை 20 பிரெஞ்சுக் கிரௌன். அதுதான் மெண்டோசா சுவடி. சுமார் 1541இல், அரசப் பிரதிநிதி மெண்டோசா பேரரசர் ஐந்தாம் சார்லஸுக்கு அனுப்ப வரையச் சொன்னது என்பது மரபு. அரசு வேலை என்பதால் கடைசி நிமிடத்தில்தான் முடிந்தது. கப்பல் கிளம்பப் பத்து நாள் இருக்கும்போதுதான் படங்கள் என் கைக்கு வந்தன, நடை முரடாக இருந்தால் மன்னியுங்கள் என்று விளக்கம் எழுதியவர் கடைசி ஏட்டில் புலம்பியிருக்கிறார். அவ்வளவு அவசரப்பட்டு அனுப்பியதைப் பேரரசர் பார்க்கவே இல்லை. வழியில் பிரெஞ்சுக் கப்பல்கள் கொள்ளையடித்துவிட்டன என்கிறது பின்னால் அதை அச்சிட்ட சாமுவேல் பர்ச்சாஸ் சொன்ன கதை. பிரெஞ்சு மன்னரின் புவியியலாளர் ஆந்த்ரே தெவே கைக்குப் போனது. அவர் ஒரு தடவை கையெழுத்துப் போட்டால் போதாதென்று ஐந்து இடத்தில் தன் பெயரை எழுதினார். பிறகு ஹக்ளூட், பிறகு பர்ச்சாஸ், பிறகு வழக்கறிஞர் ஜான் செல்டன். 1659இல் ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகம். அங்கிருந்து நகரவில்லை.

இன்னொன்று இதைவிட மோசம். போர்கியா சுவடி ஸ்பானியர் வருவதற்கு முந்தையது, மான்தோலில் வரைந்தது. ரோமில் ஜுஸ்தினியானி குடும்பத்து வேலைக்காரர்களின் பிள்ளைகள் கையில் அது சிக்கி, அவர்கள் அதைத் தீயில் காட்டி விளையாடிக்கொண்டிருந்தபோது மீட்கப்பட்டது என்று ஹம்போல்ட் எழுதியிருக்கிறார். கருகிய தடம் இன்றும் தோலில் இருக்கிறது. கிளாஸ்கோவில் இருக்கும் டிலஷ்கலா வரலாற்றுச் சுவடியில் பாதிரிமார் பழைய தெய்வங்களின் உடையையும் முகமூடியையும் சுவடியையும் தீயில் போடும் படம் ஒன்று வருகிறது. நெருப்புக்குள்ளிருந்து தெய்வங்கள் முழிக்கின்றன. பெரியவர்கள் கொள்கைக்காகச் செய்ததைப் பிள்ளைகள் விளையாட்டாகச் செய்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

மெண்டோசா சுவடியை நான் விடுவதாக இல்லை. முதல் படத்திலேயே ஒரு மண்டையோட்டுத் தட்டி இருக்கிறது. ஆனால் மற்றபடி அது ரத்தத்தைவிடக் கணக்குவழக்கில் ஈடுபாடு கொண்ட புத்தகம். எந்த ஊர் எத்தனை போர்வை, எத்தனை கட்டு இறகு, எத்தனை மூட்டை கோகோ கப்பம் கட்ட வேண்டும் என்று பக்கம் பக்கமாக. ஓர் ஊர் மட்டும் 16,000 ரப்பர் பந்து கட்ட வேண்டும். விளையாட்டுத் துறைக்கு இப்படி ஒதுக்கீடு செய்த அரசு அரிது. கடைசிப் பகுதி குடும்ப வாழ்க்கை. இங்கேதான் என் மனசு விழுந்தது.

ஒவ்வொரு பிள்ளைக்கும் பக்கத்தில் வயதைக் காட்ட நீலப் புள்ளிகள். தலைக்கு மேலே நீள்வட்டமாகச் சோள ரொட்டி. மூன்று வயதுக்கு வேளைக்கு அரை ரொட்டி, நான்கு ஐந்துக்கு ஒன்று, ஆறிலிருந்து பன்னிரண்டுவரை ஒன்றரை, பதின்மூன்றுக்கு மேல் இரண்டு. அம்மா, அப்பா வாயிலிருந்து சுருள் சுருளாகப் பேச்சு வருகிறது. பிள்ளைகள் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. எட்டு வயதில் கற்றாழை முள்ளைக் காட்டி மிரட்டுகிறார்கள். ஒன்பதில் குத்துகிறார்கள். பத்தில் கம்பு. பதினோராம் வயது 60ஆம் ஏட்டில் வருகிறது. தரையில் மிளகாய் எரிகிறது. புகை சுருண்டு ஏறுகிறது. அப்பா பையனைப் பிடித்து அந்தப் புகைக்கு முகத்தைக் காட்டுகிறார். பையன் கன்னத்தில் கண்ணீர்த் துளிகள். பக்கத்தில் அம்மா பெண்ணுக்கு அதே புகையைக் காட்டி மிரட்டுகிறாள். தலைக்கு மேலே, தண்டனை நடந்தாலும் குறையாமல், ஒன்றரை ரொட்டி.

நம் அடுப்படிக்கு மிளகாய் வந்தது அந்த மண்ணிலிருந்துதான், போர்த்துகீசியர் கப்பலில். காய் வந்தது, விதை வந்தது. அந்தப் பயன்பாடும் கூடவே வந்ததோ என்று எங்கள் தெருவில் வளர்ந்த எவருக்கும் சந்தேகம் வரும். நரபலிப் பூசாரியைப் பார்த்து எனக்கு ஓர் உறவும் தோன்றவில்லை. மிளகாய்ப் புகையில் கண் கசக்கும் பையனைப் பார்த்தால் பெயர் சொல்லிக் கூப்பிடலாம் போல இருக்கிறது.

அதே சுவடியின் முடிவில் எழுபது வயதுக் கிழவியும் வருகிறாள். கள் குடித்தால் இளவட்டத்துக்கு மரண தண்டனைவரை உண்டு. எழுபதைத் தாண்டி, பேரப்பிள்ளை எடுத்துவிட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம். கிழவி கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்கிறாள், சுற்றிலும் வாரிசுகள். இந்தச் சட்டத்தை எழுதியவர் நிச்சயம் அறுபத்தொன்பது வயதில் எழுதியிருப்பார்.

பாரிஸில் இருந்த ஓபான் டோனலாமட்ல் சுவடியை 1982இல் ஒரு மெக்ஸிகோ பத்திரிகையாளர் தேசிய நூலகத்திலிருந்து எடுத்துக்கொண்டு ஊருக்கே போய்விட்டார். பிரான்ஸ் திருட்டு என்றது. மெக்ஸிகோவில் அவரை வீரர் என்றார்கள். சுவடி மெக்ஸிகோவிலேயே தங்கிவிட்டது. கப்பல் கொள்ளையில் தொடங்கிய ஒரு சுவடி வரலாற்றில் நான் கேட்டதிலேயே யோக்கியமான திருட்டு இது.

உங்களுக்கு இவ்வளவு சிரமம் தேவையில்லை. மெண்டோசா சுவடியை மெக்ஸிகோவின் தொல்லியல் நிறுவனம் 2015இல் இணையத்தில் முழுசாகப் போட்டுவிட்டது. ஃபுளோரன்டைன் சுவடியின் பன்னிரண்டு புத்தகங்களும் 2023 அக்டோபர் முதல் கெட்டி ஆய்வு நிறுவனத்தின் தளத்தில் இலவசம். படத்தைப் பெரிதாக்கித் தூரிகைத் தடம்வரை பார்க்கலாம். பார்த்துவிட்டும் சுவரில் ஒன்றை மாட்டியே தீருவேன் என்றால், கடைக்காரரிடம் மெண்டோசா சுவடி, 60ஆம் ஏடு என்று கேளுங்கள். பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதும் மேஜைக்கு நேர் மேலே மாட்டுங்கள். சட்டம் கறுப்பே நல்லது. புகை படிந்தால் தெரியாது.